வாங்கிக்கொள்ள வந்தவள்

தத்துக்குப் பதிவு செய்த பிறகு நான் முதலில் கற்றுக்கொண்டது, யார் வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுக் குழந்தையைத் தூக்கக் கூடாது என்பதைத்தான். தூக்கினால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். "பாவம், ஆசைப்படறா" என்று ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொல்வாள். காதில் சொல்வது என்று பெயர்தான். தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய ஊர் ஆரணி. எங்கள் ஆட்கள் ரகசியத்தையும் உரக்கத்தான் சொல்வார்கள்.

நான் இருப்பது ஒரு மாடி வீட்டில், தனியாக. கீழே வீட்டுக்காரரின் விசைத்தறிகள் ஓடுகின்றன. பட்டுப்புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் தொழில். மாங்காய், மயில், யானை எல்லாம் போடுவேன். கேட்டால் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து நிற்பதைக்கூட முந்தானையில் கொண்டுவந்துவிடுவேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் சொல்லியிருக்கிறேன். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான். அம்மா இருந்தவரை வீட்டில் சண்டை போடவாவது ஆள் இருந்தது. அம்மா போன பிறகு, தறி ஓடுகிற நாட்கள் எப்படியோ கழிந்துவிடும். அமாவாசைக்குத் தறியை நிறுத்துவார்கள். அன்றைக்கு ஃபிரிட்ஜ் ஓடுவது கேட்கும், குழாயில் சொட்டுவது கேட்கும். எனக்கு யாரும் இல்லை என்பது அன்றைக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வேலூரில் இருக்கும் தத்து மையத்திலிருந்து என் வீட்டைப் பார்க்க ஒரு மேடம் வந்தார். அங்கே சமூகப் பணியாளர் அவர். ஸ்கூட்டியிலேயே வந்திருந்தார், ஹெல்மெட்டைக் கழற்றியபோது முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் முந்தின நாளே வீட்டைத் துடைத்து, சிலிண்டருக்குக்கூட உறை போட்டு வைத்திருந்தேன். அவர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "தனியா இருக்கறது கஷ்டமா இருக்குதுன்னுதான் கொழந்த கேக்கறீங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்றில்லை. அன்றைக்கு வரவில்லை.

"உங்க தனிமைக்குத் தொணையா ஒரு கொழந்தைய அனுப்ப முடியாதும்மா. கொழந்தைக்குத்தான் நாங்க வீடு தேடறோம். வீட்டுக்குக் கொழந்த தேடித் தர்றது எங்க வேல இல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கல்யாணம் செய்துகொண்டவர்கள் எல்லாம் உலக நன்மைக்காகவா பெற்றுக்கொள்கிறார்கள்? கடைசிக் காலத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டும் என்று வாய்விட்டே சொல்கிறார்களே, அவர்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து யார் கேள்வி கேட்கிறார்கள்? மனதில் வைத்துக்கொள்ளாமல் இதை அப்படியே சொல்லியும் விட்டேன். மேடம் சிரித்தார். "நாயமான கேள்விதான்" என்றார். எல்லாம் கெட்டது என்று நினைத்துக்கொண்டே அவரை வழியனுப்பினேன். ஆனால் நான் தகுதியானவள் என்றுதான் எழுதியிருந்தார். என் பெயர் வரிசையில் ஏறியது.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். ஃபோனில் தத்துப் பதிவுத் தளத்தைத் திறந்து நம் இடம் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது ஒரு கெட்ட பழக்கமாகவே ஆகிவிட்டது. பல் தேய்க்கும்போது பார்ப்பேன், டிசைனைப் பாதியில் விட்டுவிட்டுப் பார்ப்பேன். எனக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நம் வயது ஏற ஏற, நமக்குக் கொடுக்கக்கூடிய குழந்தையின் வயதும் ஏறும், அது விதி. பெரிய குழந்தை வந்தால் என்ன, அதுவும் குழந்தைதானே என்று மற்றவர்களிடம் பெருந்தன்மையாகச் சொல்வேன். உள்ளுக்குள் எனக்குக் கைக்குழந்தைதான் வேண்டும். தலை நிற்காத குழந்தை. கழுத்தைத் தாங்கிப் பிடிக்க என் கை வேண்டும் என்றிருக்கிற குழந்தை.

மையத்தில் அவ்வப்போது எங்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசுவார்கள். வந்திருப்பவர்கள் எல்லாம் ஜோடிகள். அறிமுகம் செய்துகொள்ளும்போது ஒவ்வொருவரும் "நாங்க ஆம்பூர்லேர்ந்து வர்றோம்", "நாங்க ரொம்ப நாளா வெயிட் பண்றோம்" என்பார்கள். என் முறை வரும்போது "நான்" என்று ஆரம்பித்தால், அந்த அறையில் ஒரு நிமிடம் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனாலும் எனக்கு அந்தக் கூட்டம் பிடிக்கும். இந்த விஷயத்தை வெட்கப்படாமல் பேசக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். டீயும் மேரி பிஸ்கட்டும் கொடுப்பார்கள். தத்தெடுத்தவர்கள் வந்து, குழந்தையிடம் உண்மையை எந்த வயதில் எப்படிச் சொன்னார்கள் என்று சொல்வார்கள். மேடம் ஒவ்வொரு முறையும் ஒரே விஷயத்தில் வந்து நிற்பார்: ஆஸ்பத்திரியிலிருந்து கைமாற்றிக் குழந்தை வாங்காதீர்கள், அது குற்றம், பெற்றவளுக்கு யோசிக்கக்கூட நேரம் கிடைப்பதில்லை. நாங்கள் எல்லோரும் தலையாட்டுவோம். நல்ல பிள்ளைகள் மாதிரிதான் ஆட்டுவோம்.

அந்த நாட்களில்தான் சித்தி ஒரு செய்தி கொண்டுவந்தாள். அம்மாவின் தங்கை. அவள் வீட்டில் தறிக்காரர்களுக்கு வேலை கொடுப்பார்கள். பட்டும் ஜரிகையும் சித்தி வீட்டிலிருந்து போகும். பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் நெசவாளர்கள் அவரவர் வீட்டுத் தறியில் நெய்து, முடிந்ததும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதனால் சித்திக்கு உலகத்தில் எல்லாமே இந்த முறைதான். எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு பொருள் தயாராகும், தயாரானதும் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும்.

"எத்தினி நாளைக்கு அந்த ஃபோனையே பாத்துகினு இருப்ப?" என்றாள். "படவேட்டுக்கு அந்தாண்ட ஒரு பொண்ணு. கட்டிக்கிறேன்னு சொன்னவன் பெங்களூரு போனான், அப்பிடியே போய்ட்டான். இப்ப இவ நெறமாசமா கீறா. அவங்கம்மா கூலி வேலைக்குப் போறவ. எனக்குத் தெரிஞ்சவங்க மூலியமா கேட்டுகினு இருக்காங்க, நல்ல எடமா இருந்தா குடுத்துடலாம்னு."

"அப்படி வாங்கக் கூடாது சித்தி."

"காசு கீசுன்னு அவங்க வாயே தொறக்கல. புள்ள நல்லா இருந்தா போதும்ங்கறாங்க. ஆஸ்பத்திரில அம்மான்னு உம்பேரையே எழுதிக்கலாம். நம்ம ஆளுங்க இல்லதான், அதைப் பாத்துகினு இருந்தா ஆவாது." கடைசி வாக்கியத்தைப் பெரிய தியாகம் செய்கிறவள் மாதிரிச் சொன்னாள்.

நான் முடியாது என்றுதான் சொன்னேன். மூன்று நான்கு முறை சொன்னேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அவளை முழுதாகப் பேசவிட்டுவிட்டுத்தான் சொன்னேன். பிறகு ஓர் அமாவாசை வந்தது. கீழே தறி நின்றிருந்தது. சாயங்காலம் சித்திக்கு ஃபோன் செய்து, "சும்மா போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றேன்.

மாசமாக இருக்கிறவளைப் பார்க்கப் போனால் எங்கள் வீடுகளில் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. நான் அதை யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. காலையில் எழுந்து புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் கிளறினேன். கடைத்தெருவுக்குப் போய்க் கண்ணாடி வளையல் வாங்கினேன், பச்சையும் சிவப்பும். கடைக்காரர் "யாருக்குங்க வளைகாப்பு?" என்று கேட்டார். "தங்கச்சிக்கு" என்றேன். எனக்குத் தங்கச்சி கிடையாது.

பஸ்ஸில் பையைத் திறந்து பார்த்த சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். "அறிவு இருக்குதா உனக்கு? சாப்பாடு சரி. வளையல எதுக்கு எடுத்துகினு வந்த? அவ குடுக்கப் போற புள்ள. வளையல் போட்டா அவளுக்குத் தான் அம்மான்னு ஞாபகம் வந்துடாதா?"

"மாசமானவளுக்கு வளையல் போடாம எப்படி?" என்றேன். எனக்கு உண்மையிலேயே அவள் சொல்வது புரியவில்லை. படவேட்டு மலை தெரிய ஆரம்பித்ததிலிருந்து சித்தி என்னோடு பேசவில்லை.

ஒற்றை அறை வீடு. அந்தப் பெண் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருந்தால் அதிகம். பாதம் வீங்கியிருந்தது. அவளுடைய அம்மா எங்களுக்குப் பாய் விரித்துவிட்டு, தான் வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். நான் எந்த மாதிரி ஆள் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் மகளின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. டிசைன் கொடுத்துவிட்டுத் தறியில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

சாதத்தை எடுத்து வைத்தேன். புளிசாதத்தை அந்தப் பெண் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்கு யாரும் வளைகாப்பு செய்யவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. யார் செய்வார்கள்? கல்யாணம் ஆகாதவளுக்கு அந்தத் தெருவில் யார் வளையல் அடுக்குவார்கள்? சித்தி கண்ணைக் காட்டித் தடுத்துக்கொண்டே இருந்தாள். நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, எண்ணெய் தடவி, ஒவ்வொன்றாகப் போட்டேன்.

அவள் கையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். பிறகு வயிற்றுக்கு நேராகக் கொண்டுவந்து, இன்னும் ஒரு தரம் ஆட்டினாள். "சத்தம் கேக்குதா உனக்கு?" என்று கீழே குனிந்து கேட்டாள். உடனே நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அசையுதுக்கா!"

எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்படி ஒரு பொறாமையை நான் அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை. அதோடு ஒரு பயமும் வந்தது, ஏனென்றால் சித்தி சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே அம்மா இருந்தாள். என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, "பொறந்ததும் ஒரு தபா எனக்குக் காட்டுவீங்களாக்கா? ஒரே ஒரு தபா. அப்பறம் எடுத்துகினு போய்டுங்க" என்றாள்.

காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டால் முடிந்தது, சில வாரங்களில் என் வீட்டில் ஒரு குழந்தை அழும். ஆனால் நான் அழுதுகொண்டே வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்கு வளர்க்க முடியாது என்றால் கொடுப்பதற்குக் குழந்தைகள் நலக் குழு என்று ஒரு முறையான இடம் இருக்கிறது. கொடுத்த பிறகும் யோசிக்க இரண்டு மாதம் உண்டு. அதற்குள் மனசு மாறினால் திரும்பக் கேட்கலாம், கொடுத்துவிடுவார்கள். கொடுக்காமலே வளர்க்கவும் உதவி கேட்கலாம். கூட்டத்தில் மேடம் சொன்னதையெல்லாம் வரிசை மாறி ஒப்பித்தேன். பெண்ணுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. அவளுடைய அம்மா வாசற்படியிலிருந்து உள்ளே வந்தாள்.

"அப்ப நீங்க வாங்கிக்க மாட்டீங்களா?" என்றாள். சித்தியைக் காட்டி, "இந்த அம்மா நிச்சயம்னு சொல்லித்தானே கூட்டிகினு வந்தாங்க. ஆபீசு, குழுன்னா ஊரெல்லாம் தெரிஞ்சிடாதுங்களா? இப்படி நடுவுல வுட்டா நாங்க என்னாங்க பண்றது?"

மேடத்தின் நம்பரைக் கொடுத்தேன், வெளியே பேசமாட்டார்கள் என்று சொன்னேன். சித்தி ஏற்கெனவே செருப்பை மாட்டியிருந்தாள். திரும்பி வரும் வழியில் கண்ணமங்கலம் தாண்டியதும், "நீ தனியா கெடக்கத்தான் பொறந்தவ" என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள்.

அன்று சாயங்காலமே மேடத்துக்கு ஃபோன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் கொழந்த எங்ககிட்ட வந்தாலும் வரிசைப்படிதான் போவும். உங்களுக்கு வராது. தெரியுமில்லம்மா?" என்றார்.

"தெரியுங்க."

"அந்த வீட்டுக்கே நீங்க போயிருக்கக் கூடாது" என்றார். பாராட்டுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்த ஒரு கூட்டத்தை மறக்க முடியாது. மையத்தில் கீழே கூட்ட அறை, மாடியில் குழந்தைகள். பேச்சுக்கு நடுவில் மேலே ஒரு குழந்தை அழுதது. எல்லாக் கூட்டத்திலும் அப்படித்தான். அழுகை கேட்டதும் அறையில் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்ப்போம், யாருடையதாக இருக்கும் அது என்று. அன்றைக்கு நான் வேறு விதமாகக் கேட்டேன். கணக்குப்படி அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் ஆகியிருக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் மேடத்தைப் படிக்கட்டருகே பிடித்தேன். "அந்தப் பொண்ணு வந்தாளாங்க? புள்ளைய இங்கதான் வுட்டிருக்காளா?"

"அதைச் சொல்ல முடியாதும்மா."

"வந்தாளா, வரலியா. அது மட்டும் சொன்னா போதும்."

"அதுதான் சொல்ல முடியாது. நாளைக்கு உங்களைப் பத்தி வேற யாராவது கேட்டாலும் சொல்ல மாட்டேன்." தோளில் ஒரு கை வைத்துவிட்டு மாடிக்குப் போனார். மேலே அழுகை நின்றது. யாரோ தூக்கியிருக்க வேண்டும். அவர் செய்தது சரி. சரியாக நடந்துகொள்கிறவர்களோடு பழகுவது சில சமயம் ரொம்ப பேஜார்.

இரண்டு மாதமும் போனது, அதற்கு மேலும் போனது. வீட்டில் நான் இரண்டு விதமாகவும் வேண்டிக்கொண்டேன். அவள் வந்து குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று ஒரு நாள். மறுநாள், வேண்டாம், அது வரிசையில் யாருக்காவது போகட்டும் என்று. இரண்டாவது வேண்டுதல் யாருக்கும் பாதகமில்லாதது போலத் தெரியும். ஆனால் அந்த "யாராவது" யார் என்று நான் மனதுக்குள் நினைத்தேன் என்பதை எனக்கு நானே மறைத்து என்ன ஆகப்போகிறது. எங்காவது கணக்கு தவறி, வரிசை பிசகி, ஃபோனில் எனக்கு ஒதுக்கிய குழந்தையாக அதுவே வந்துவிடாதா என்றுதான் இருந்தேன். சித்தி வீட்டில் ஒரு கல்யாணத்துக்குச் சொன்னார்கள், போனேன், சித்தி எனக்குப் பந்தியில் இடம் காட்டிவிட்டு வேறு பக்கம் போய்விட்டாள்.

அடுத்த கூட்டத்துக்குப் போக ஆரணி பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ் ஏறினேன். முகூர்த்த நாள், பஸ் நிறைந்திருந்தது. நடுவில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. அதை நோக்கிப் போனபோதுதான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தேன். அந்தப் பெண்தான். இளைத்திருந்தாள். மடியில் குழந்தை, துணியில் சுற்றி. முகம் தெரியவில்லை, தலையின் உச்சி மட்டும் தெரிந்தது, கறுகறுவென்று முடி.

எனக்கு வந்த சந்தோஷம் பொய்யில்லை. திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டாள், அவளே வைத்துக்கொண்டுவிட்டாள் என்று மனசு கத்தியது. பக்கத்தில் உட்கார்ந்து, கொடு, கண்ணமங்கலத்தில் நீ இறங்குகிற வரைக்கும் நான் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. சிரித்துக்கொண்டே கிட்டே போனேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. சட்டென்று குழந்தையை மடியிலிருந்து தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டு, முந்தானையை இழுத்து முழுதாக மூடினாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "இது எம்புள்ளைங்க" என்றாள். "ஆபீசுல எங்கிட்டயே திருப்பி எழுதிக் குடுத்துட்டாங்க. எல்லாம் சரியா முடிஞ்சி போச்சுங்க." அன்றைக்கு என்னை அக்கா என்று கூப்பிட்டவள்.

"உன்னுதுதாம்மா" என்றேன். "நான் சும்மா வேலூருக்குப் போறேன்."

அவள் நம்பவில்லை. ஜன்னல் பக்கம் ஒடுங்கி, பஸ் கம்பியோடு ஒட்டிக்கொண்டாள். அவள் கண்ணுக்கு நான் யார் என்பது அப்போது தெரிந்தது. நான் சொன்ன இரண்டு மாதம், கொடுத்த நம்பர், போட்ட வளையல் எதுவும் அவளுக்கு முக்கியமில்லை. நான் அவள் குழந்தையை வாங்கிக்கொள்ள வந்தவள். அவள் நினைத்ததில் தப்பும் இல்லை, அதற்குத்தான் போனேன்.

"உக்காருங்கம்மா, எடம் இருக்குதுல்ல" என்று பின்னாலிருந்து கண்டக்டர் சத்தம் போட்டார்.

"அடுத்த பஸ்ல வர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கீழே நின்று ஒரு தடவை அந்த ஜன்னலைப் பார்த்தேன். பஸ் நகர்ந்து திரும்பும் வரைக்கும் அவள் முந்தானையை விலக்கவில்லை. அது ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.